கடைசி நாள் கண்ணீர்

வெளிநாட்டு நூலகங்களுக்கு ஆய்வுப் பயணம் போய் வரும் நம்மவர் எழுதும் கட்டுரைகளுக்கு ஒரு வாய்பாடு உண்டு. முதல் நாள் குளிர். இடையில் நூலகத்தின் ஒழுங்கு. கடைசி நாள் கண்ணீர். 'நாம் கரையானுக்குக் கொடுத்தோம், அவன் காப்பாற்றினான்' என்று ஒரு வரி. அல்லது 'நம் செல்வத்தைக் கொள்ளையடித்துப் போனான்' என்று அதற்கு நேர் எதிரான வரி. எழுதுகிறவரின் அரசியலைப் பொறுத்து வரி மாறும், கண்ணீர் மாறாது. இரண்டுமே சோம்பேறித்தனம் என்பது நம் கட்சி.

இதைச் சொல்ல நமக்குள்ள தகுதி ஒன்றே ஒன்றுதான்: அந்தக் கண்ணீரை நாமும் வடித்திருக்கிறோம். ஜெர்மனியின் ஹாலே நகரில், பிராங்கே அறநிலைய ஆவணக் காப்பகத்தில், கடைசி நாள் மாலை சுவடிக்கட்டைத் திரும்ப ஒப்படைத்தபோது தொண்டை அடைத்தது. ஊர் திரும்பினோம். எடுத்து வந்த படிகள் மூன்று ஆண்டுகளாகப் போளூரில் நம் வீட்டு இரும்பு அலமாரியில் கிடக்கின்றன. துறைக்கு அறிக்கை கொடுத்தாயிற்று. சான்றிதழ் கோப்பில் ஏறியாயிற்று. ஒரு வரிகூட அச்சேறவில்லை.

'அவன் காப்பாற்றினான்' என்போருக்கு முதலில். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, இரண்டே ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களுக்கு விளக்கப் பட்டியல் எழுதினார். 1713இல் தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றிப் பெருநூல் ஒன்றை எழுதி ஹாலேக்கு அனுப்பினார். புறச்சமயத்தை ஒழிக்கப் போனவர் அதைப் பரப்பும் நூலை எழுதுவதா என்று மேலிடம் அதைக் கிடப்பில் போட்டது. அவர் பெயரில் அந்நூல் அச்சேறியது 1867இல். அதுவும் ஹாலேயில் அன்று, சென்னையில். கையெழுத்துப்படி பத்திரமாக இருந்தது உண்மைதான். 150 ஆண்டுகளுக்கு மேல் ஊரறியாமல் பத்திரமாக இருந்தது. அலமாரி ஹாலேயில் இருந்தாலென்ன, போளூரில் இருந்தாலென்ன?

'கொள்ளை' என்போருக்கு அடுத்தது. யாரும் தூக்கிப் போக முடியாத செல்வம் நம் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறது. போளூரிலிருந்து வடமாதிமங்கலம் வழியே போனால் திருமலை. குந்தவை பெயர் தாங்கிய சமணக் கோயில். 16 அடி உயர நேமிநாதர். கங்கை வரை சென்ற ராஜேந்திர சோழனின் வெற்றிகளை வரிசையிடும் கல்வெட்டு. சாமுண்டப்பை என்னும் வணிகர் மனைவி விளக்குக்கும் அமுதுக்கும் காசு வைத்த செய்தியும் அதே கல்வெட்டில்தான் வருகிறது. அதைப் படித்து, 1890இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் மூலத்தோடும் மொழிபெயர்ப்போடும் பதிப்பித்தவர் ஹுல்ஷ். அவர் 1903இல் பேராசிரியராகப் போன ஊர் எது தெரியுமா? நாம் கண்ணீர் வடித்த அதே ஹாலே. அங்கே போய்த்தான் நமக்கே இது உறைத்தது. மெய்க்கீர்த்தியை வகுப்பில் நடத்துகிறோம். அந்தப் பாறையைப் பார்த்த மாணவரை விரல் விட்டு எண்ணலாம். யாரும் கொள்ளையடிக்கவில்லை. நாம்தான் போகவில்லை.

கடைசி நாளுக்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. தனிநாயகம் அடிகள் 1954இல் வத்திக்கான் நூலகத்தில் புரோயன்சாவின் தமிழ் – போர்த்துக்கீசிய அகராதியைக் கண்டார். 1679இல் அம்பலக்காட்டில் அச்சானது. 16,000க்கும் மேற்பட்ட பதிவுகள் கொண்டது. கண்ட பெருமையோடு அவர் ஓயவில்லை. 1966இல் கோலாலம்பூரில், மலாயாப் பல்கலைக்கழகத்தின் வழியே, முழு நூலையும் உள்ளது உள்ளபடி முன்னுரையோடு வெளிக்கொணர்ந்தார். இடையில் 12 ஆண்டுகள். அதன் பயன், பதினேழாம் நூற்றாண்டுத் தமிழை ஆராய்கிறவர் அந்த அகராதிக்காக ரோமுக்குப் போக வேண்டியதில்லை.

'இப்போதுதான் எல்லாம் இணையத்தில் படமாக வந்துவிடுகிறதே' என்று சிலர் கேட்பார்கள். வரட்டும், நல்லதே. ஆனால் பழைய ஓலையில் மெய்க்குப் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடு இராது. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இராது. உட்கார்ந்து படித்துப் பிரித்து எழுத ஓர் ஆள் வேண்டும். படம் பாடமாகாது. பாவு ஏற்றிவிட்டு ஊடை ஓட்டாமல் தறியை விட்டவனை நம் ஊர் நெசவாளர் நெய்தவன் என்று சொல்ல மாட்டார்.

ஆகவே, கொண்டு வந்ததை ஓராண்டுக்குள் பெயர்த்தெழுதி வெளியிடாதவர் கடைசி நாளைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டாம் என்பது நம் கோரிக்கை. அந்தத் தடை முதலில் நமக்கே பொருந்தும். அலமாரியைத் திறந்துவிட்டோம். முதல் கட்டின் பெயர்ப்பைத் தைக்குள் நண்பர்கள் பார்வைக்கு வைப்போம். பிழைகள் இருக்கும், திருத்துங்கள். அதற்கு முன், வரும் சனிக்கிழமை, இரண்டாமாண்டு மாணவர்களோடு திருமலைக்குப் போகிறோம்.