மகள் வளர வளர அப்பா விலகி நிற்க வேண்டுமா?

தேவதானம், சேத்தூர், இராஜபாளையம் வட்டாரத்துக் குடும்பங்களில் மகள்மீது தந்தையர் வைத்திருக்கும் பாசத்திற்குக் குறைவில்லை. "தாயி" என்று அழைத்தே வளர்க்கிறார்கள். ஐந்து வயதுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவருபவர் பெரும்பாலும் அப்பாதான். ஊசி போடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்பவரும் அவர்தான். அதே மகள் பதின்மூன்று, பதினான்கு வயதில் சோர்ந்து வெளிறிய முகத்தோடு வரும்போது, அப்பா அறைக்கு வெளியே நின்றுவிடுகிறார். "எனக்கு ஒன்றும் தெரியாது டாக்டர், அவள் அம்மாவிடம் கேளுங்கள்" என்பதே நாங்கள் அடிக்கடி கேட்கும் விடை. மருந்துச் சீட்டை வாங்கிப் பணம் கட்டும் நேரத்தில்தான் அவரை மீண்டும் காண்கிறோம்.

மகள் வயதுக்கு வந்த பின் தந்தை ஒதுங்கி இருப்பதே மரியாதை என்பது பரவலான எண்ணம். அதிலுள்ள கண்ணியத்தை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் கண்ணியம் வேறு, அறியாமல் இருப்பது வேறு. உடலும் மனமும் வேகமாக மாறும் ஆண்டுகளில், மகள் தயங்காமல் பேசக்கூடிய பெரியவர்களில் ஒருவர் வீட்டில் குறைந்துபோகிறார். அதன் பிறகு தந்தைக்கும் மகளுக்கும் இடையே மிஞ்சுவது பணம் கேட்பதும் அனுமதி கேட்பதும் மட்டுமே. மகளின் உடல்நலத்தை அறிந்துகொள்ள முற்படுவதே இந்த இடைவெளியைக் குறைக்கத் தந்தையிடம் உள்ள நேரான வழி என்பது எங்கள் கருத்து.

இக்கருத்து நம் மண்ணுக்குப் புதிதன்று. அண்டை ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரின் பெருமையே ஒரு தந்தையையும் மகளையும் சார்ந்தது. துளசி வனத்தில் கண்டெடுத்த குழந்தையைப் பெரியாழ்வார் தம் மகளாக வளர்த்தார் என்பது வைணவ மரபு. ஆண்டாளை வளர்த்த கதையில் தாய் என்று ஒருவர் பெரிதாகப் பேசப்படுவதில்லை. கண்ணனைத் தாலாட்டவும் நீராட்டவும் காது குத்தவும் யசோதையின் நிலையில் நின்று பாடியவரும் அந்தப் பெரியாழ்வாரே. இறைவனுக்குரிய மாலையை மகள் சூடிப் பார்த்ததை அறிந்து அவர் முதலில் வருந்திக் கடிந்துகொண்டார். அவள் சூடிக் கொடுத்ததையே இறைவன் விரும்பினான் என்று உணர்ந்தபின் தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டார் என்கிறது மரபு. அவரவர் நம்பிக்கை எதுவாயினும், பெண் குழந்தையைப் பேணுவது ஆணுக்கு அந்நியமான வேலை அன்று என்பதையும், மகளைப் புரிந்துகொண்டு கருத்தை மாற்றிக்கொள்ளும் தந்தை சிறுத்துப்போவதில்லை என்பதையும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

மருத்துவர்களாகிய எங்களுக்கு இன்னொரு தந்தையும் நினைவுக்கு வருகிறார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். வயதுக்கு வந்த பெண்ணின் படிப்பு அத்தோடு நின்றுவிடும் காலம் அது. புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்த அவர் தந்தை நாராயணசாமி ஐயர், மகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்துத் தேர்வு எழுத வைத்தார். விரைவில் திருமணம் செய்துவைக்க வேண்டும் என்ற நெருக்கடி வீட்டிலேயே இருந்தது. ஆயினும் அந்த மகள் 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் பட்டம் பெற்றார். 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அவர் முயற்சியால் உருவானது. ஊர் விலகி நிற்கச் சொன்ன வயதில் ஒரு தந்தை மகளின் அருகே அமர்ந்ததும் இந்த வரலாற்றின் ஒரு பகுதி.

இன்றைய வீட்டுக்கு வருவோம். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. இந்த வயதுப் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் எப்போதும் களைப்பு, படி ஏறினால் மூச்சிரைப்பு, தலைசுற்றல், படிப்பில் கவனக்குறைவு, எரிச்சல் ஆகியவை தோன்றும். மில்லில் ஷிப்ட் முடித்தோ, தறியில் பேண்டேஜ் துணி நெய்துவிட்டோ வீடு திரும்பும் தந்தையின் கண்ணில் இவை நோயாகப் படுவதில்லை. "எந்நேரமும் படுக்கை", "சொன்ன வேலையைச் செய்வதில்லை", "எதிர்த்துப் பேசுகிறாள்" என்றே படுகின்றன. இரும்புச்சத்துக் குறைவுக்கு மகள் வசவு வாங்குகிறாள். தன்னை அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்று அவள் முடிவு செய்கிறாள். ஓர் எளிய இரத்தப் பரிசோதனை தீர்க்கக்கூடிய மனத்தாங்கல் ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது.

ஆகவே மகள் சோர்ந்திருந்தால் கண்டிக்கும் முன் பரிசோதியுங்கள். மாதவிடாய் ஏழு நாட்களுக்கு மேல் நீடித்தாலோ, ஒன்றிரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருந்தாலோ, வலியால் மாதந்தோறும் பள்ளிக்குப் போக முடியாவிட்டாலோ மருத்துவரைக் காண வேண்டும் என்பது அம்மாவைப் போலவே அப்பாவுக்கும் தெரிந்திருக்கட்டும். இதற்காக மகளிடம் கூச்சம் தரும் கேள்விகளைக் கேட்க வேண்டியதில்லை. மாத மளிகைச் சாமான்களோடு நாப்கினையும் வாங்கி வந்து வைத்தாலே போதும். இது மறைக்க வேண்டிய விஷயம் இல்லை என்று அவள் அறிந்துகொள்வாள்.

உணவிலும் தந்தைக்குப் பங்கு உண்டு. ஆண்கள் உண்டபின் மிஞ்சியதைப் பெண்கள் உண்ணும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. முட்டையும் மீனும் ஈரலும் யார் தட்டில் விழுகின்றன என்று கவனியுங்கள். சைவ உணவினர் கீரை, கம்பு, பயறு, கொண்டைக்கடலை ஆகியவற்றோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்துக்கொண்டால் இரும்புச்சத்து நன்றாக உடலில் சேரும். சாப்பிட்டவுடன் தேநீரோ காப்பியோ குடித்தால் அது குறையும். அரசுப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் வாரம் ஒருமுறை தரப்படும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை மகள் விழுங்குகிறாளா என்று விசாரியுங்கள். மலம் கறுத்துப் போவது இம்மாத்திரையின் இயல்பு, அச்சம் வேண்டா. இரத்தசோகை உறுதியானால் வார மாத்திரை போதாது. மருத்துவர் சொல்லும் காலம் முழுவதும் நாள்தோறும் சாப்பிட வேண்டும்.

அடுத்தது பேச்சு. "எத்தனை மார்க்?", "எங்கே போனாய்?" என்பவை விசாரணைகள். பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விடும் பத்து நிமிடமோ, இரவுச் சாப்பாட்டு நேரமோ, தீர்ப்புச் சொல்லாமல் கேட்பதற்குப் போதும். மகள் தூக்கம் இழந்தாலோ, தோழிகளை விட்டு ஒதுங்கினாலோ, உணவை வெறுத்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ அதை நடிப்பு என்று ஒதுக்கிவிடாதீர்கள். தேர்வு முடிவுகள் வரும் நாட்களில் கூடுதல் கவனம் தேவை. 104 என்ற மாநில மருத்துவ உதவி எண்ணும், 14416 என்ற டெலி மானஸ் எண்ணும் இதற்காகவே உள்ளன.

ஒரு விளக்கமும் கூற வேண்டும். வளரிளம் பெண்ணைப் பரிசோதிக்கும்போது, அவளோடு சில நிமிடங்கள் தனியே பேச வேண்டும் என்று நாங்கள் கேட்பதுண்டு. பெற்றோர் இருவரையுமே அப்போது வெளியே இருக்கச் சொல்வோம். பரிசோதனை நேரத்தில் பெண் செவிலியர் ஒருவர் உடன் இருப்பார். சில தந்தையருக்கு இது வருத்தம் தருகிறது. மகளைப் பற்றிய எல்லாவற்றையும் தந்தை அறிந்தே ஆக வேண்டும் என்பது நெருக்கம் ஆகாது. அவளே வந்து சொல்லும் அளவுக்கு அவர் அச்சமற்றவராகத் தோன்றினால் அதுவே நெருக்கம். அந்தச் சில நிமிடங்களை மனமுவந்து தரும் தந்தை, தன்மீது நம்பிக்கை வைத்திருக்கிறார் என்பதை மகள் கவனிக்கத் தவறுவதில்லை.

இந்த உறவின் பலனை நாங்கள் வார்டுகளில் காண்கிறோம். பக்கவாதத்தோடும் சிறுநீரக நோயோடும் படுத்திருக்கும் முதியவர்கள் பலரின் கட்டிலருகே இரவெல்லாம் விழித்திருப்பவர்கள் மணமாகிப் போன மகள்களே. ஆனால் சிகிச்சை பற்றி முடிவெடுக்கும்போது, "மகன் வரட்டும், மருமகன் வரட்டும்" என்கிறார் தந்தை. மருந்தின் பெயரும் வேளையும் சர்க்கரை அளவும் மகளுக்குத்தான் தெரியும். நோயாளியாகிய தந்தையர் தம் நோயைப் பற்றிய உண்மையை மகளிடமும் சொல்ல வேண்டும். அவள் கருத்தையும் கேட்க வேண்டும். பணிவிடைக்கு மட்டும் மகள், ஆலோசனைக்கு மகன் என்ற பிரிவினை அவளைப் புண்படுத்துவதோடு சிகிச்சையையும் தாமதப்படுத்துகிறது.

இந்நாள்வரை விலகியிருந்த தந்தையும் இனிச் சேர்ந்துகொள்ளலாம். மகளுக்கு இருபத்தைந்து வயது ஆகியிருந்தாலும், "உன் உடம்பு எப்படி இருக்கிறது, தாயி?" என்று கேட்பதற்குக் காலம் கடந்துவிடவில்லை. முதல் முறை அவள் "ஒன்றுமில்லை" என்று சொல்லக்கூடும். மறுவாரமும் கேளுங்கள். மருத்துவமனைக்கு அவளோடு வரும்போது, மகள் விரும்பினால் நீங்களும் உள்ளே வாருங்கள். அவளுக்கு என்ன குறை, என்ன மருந்து, எத்தனை நாள் என்பதை அம்மாவுக்குச் சொல்வது போலவே உங்களுக்கும் விளக்கிச் சொல்வோம்.