பழகுகிற சுபாவம்

நம் எழுத்தாள நண்பர்கள் ஒருவரையொருவர் பாராட்டிக்கொள்ளும்போது ஒரு வாசகம் தவறாமல் வந்துவிடுகிறது: அவர் எல்லாத் தரப்பு மனிதர்களோடும் சகஜமாகப் பழகுகிறவர், அந்த ஆளுமைதான் அவர் எழுத்தில் தெரிகிறது. மதிப்புரையிலும் முன்னுரையிலும் இரங்கல் குறிப்பிலும் இதைப் படித்துப் படித்து அலுத்துவிட்டது. வெறும் அலுப்பு என்றால் இதை எழுத வேண்டியதில்லை. இந்த வாசகம் ஒரு பொய்யான மதிப்பீட்டை நம்மிடையே புழக்கத்தில் விட்டிருக்கிறது. சாதி கடந்து மனிதர்களை அணுகுவது ஒருவனுடைய பிறவிக் குணம், அது எழுத்தாளனுக்குக் கொஞ்சம் தாராளமாகவே வாய்த்திருக்கிறது என்ற மதிப்பீடு.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு வாழ்ந்தவன் இதை நம்பமாட்டான். இங்கே பழகத் தெரியாதவன் யார்? ராஜுக்கள் வீட்டில் தெலுங்கும் கடைத்தெருவில் தமிழும் பேசுகிறார்கள். மில்லில் நாலு சாதிக்காரர்கள் ஒரே ஷிப்டில் நிற்கிறார்கள். ஒருவர் காசில் மற்றவர் டீ குடிக்கிறார். சங்கக் கூட்டத்தில் ஒரே கோஷம் போடுகிறார்கள். ஷிப்ட் முடிந்ததும் அவரவர் தெரு, அவரவர் கோயில், அவரவர் சுடுகாடு. அதே மனிதர்கள்தான். சுபாவம் மில் வாசலில் மாறிவிட்டதா?

இது நம் ஊருக்கு மட்டும் உரிய விசேஷமும் இல்லை. மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கப் பகுதி ஒன்றைப் பற்றி மைனார்ட் என்பவர் 1952ல் எழுதினார். பூமிக்கு அடியில் கறுப்பரும் வெள்ளையரும் கலந்து வேலை செய்தார்கள். மேலே வந்ததும் பிரிந்துகொண்டார்கள். அவர் கணக்கில், வெள்ளைத் தொழிலாளர்களில் சுமார் 60 சதவீதம் பேர் கீழே ஒரு மாதிரியும் மேலே ஒரு மாதிரியும் நடந்தவர்கள். 20 சதவீதம் பேர் இரண்டு இடத்திலும் வெறுத்தார்கள். 20 சதவீதம் பேர் இரண்டு இடத்திலும் மனிதராக நடத்தினார்கள். 1958ல் பெட்டிகுரூ தென்னாப்பிரிக்க வெள்ளையரையும் அமெரிக்க வெள்ளையரையும் ஒப்பிட்டார். தென்னாப்பிரிக்கரிடம் துவேஷம் அதிகம். ஆனால் துவேஷத்துக்குக் காரணம் என்று அப்போது நம்பப்பட்ட அதிகார மனோபாவம் அவர்களிடம் அதிகமாக இல்லை. தம் கூட்டத்தின் வழக்கத்துக்குப் பணிந்து போவதுதான் பெருமளவு வித்தியாசத்தை விளக்கியது. ஆக, நாம் ஆளுமை என்று கொண்டாடுவது அநேகமாக இடம் கொடுக்கிற அனுமதி.

எல்லாமே சமூக அமைப்புதான், தனிமனிதனுக்கு இதில் வேலையில்லை என்று முற்போக்கு நண்பர் ஒருவர் இங்கே குறுக்கிடலாம். அவருக்கும் ஆறுதல் இல்லை. மேலே வந்த பிறகும் மாறாத அந்த 20 சதவீதம் பேரை அமைப்பைக் காட்டி விளக்கிவிட முடியாது. மற்றவர்களைவிட அவர்கள் கலகலப்பானவர்களாக இருந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. பிறரோடு பழகியதற்காகச் சொந்த மனிதர்களிடம் அவர்கள் ஒரு விலை கொடுத்தார்கள். என் வாதம் இவ்வளவுதான். பிற சமூகத்தாரிடம் ஒருவன் எப்படி நடந்துகொள்கிறான் என்பதை அவர்கள் முன்னால் வைத்து அளக்க முடியாது. அவன் தன் கூட்டத்தின் நடுவில் இருக்கும்போதுதான் அளக்க முடியும்.

1997ல் விருதுநகர் மாவட்டத்துக்கான அரசு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். கட்டபொம்மனிடம் தளபதியாக இருந்தவர், தேவேந்திரகுல வேளாளர். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஆதிக்க சாதியினரிடையே எதிர்ப்பு கிளம்பியது. அதைத் தொடர்ந்த கலவரத்தில் உயிர்கள் போயின. அதே வருஷம் அரசு எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை மொத்தமாக எடுத்துவிட்டது. ஏறமாட்டோம் என்றவர்கள் அதற்கு முன் பஸ்ஸில் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்து வந்தவர்கள்தான். பக்கத்து சீட்டில் அவன் உட்காரலாம். தலைக்கு மேலே அவன் பெயர் இருக்கக் கூடாது. பழகுகிற சுபாவம் எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்று இதைவிடத் தெளிவாக எந்தச் சிறுகதையும் சொன்னதில்லை.

படித்தவர்கள் விஷயம் வேறு என்று யாரும் நினைக்க வேண்டாம். 2018 ஜனவரி 7 அன்று ராஜபாளையத்தில் வைரமுத்து ஆண்டாளைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். ஓர் ஆய்விலிருந்து அவர் எடுத்துக்காட்டிய ஒரு வரி ஆண்டாளை தேவதாசி என்றது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூரில் கொந்தளிப்பு, ஜீயர் உண்ணாவிரதம், கவிஞர் வருத்தம் தெரிவித்தார். எதிர்த்தவர்கள் அது வசை என்றார்கள். ஆதரித்தவர்களில் பெரும்பாலோர் அது மேற்கோள்தானே, அவருடைய கருத்தில்லையே என்றார்கள். இரண்டு கட்சிக்கும் அந்தச் சொல் கறைதான். எறிந்தது யார் என்பதில்தான் தகராறு. 1947ல் சட்டம் போட்டு நிறுத்தும்வரை கோயிலின் பாட்டையும் ஆட்டத்தையும் தலைமுறை தலைமுறையாகச் சுமந்த பெண்கள் அவர்கள். அந்தப் பெண்களோடு சேர்த்துப் பேசினால் ஏன் அவமானம் என்று தன் கட்சிக்காரரைப் பார்த்துக் கேட்டவர்கள் எத்தனை பேர்? சரித்திர ரீதியாக அந்த வரி தவறு என்று வாதிடலாம். தவறு என்பது ஒன்று, தீட்டு என்பது வேறு.

இத்தனைக்கும் ஆண்டாள் என்ன செய்தாள்? வியாக்கியானக்காரர்களே சொல்கிறார்கள்: வில்லிபுத்தூரை ஆயர்பாடியாகவும், கோயிலை நந்தகோபன் வீடாகவும், தன்னை இடைச்சியாகவும் பாவித்தாள். பெரியாழ்வார் வீட்டில் வளர்ந்த பெண், மாட்டின் பின்னே போகிற, அறிவில்லாதவர்கள் என்று தங்களைத் தாங்களே சொல்லிக்கொள்கிற பெண்களில் ஒருத்தியாகிப் பேசுகிறாள். இது பக்தியின் பாவனை, சமூகப் புரட்சி இல்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பாவனையில் அவள் தன் வீட்டின் மேன்மையை ஒரு வரியிலும் கையில் வைத்துக்கொள்ளவில்லை. இடைச்சியாவதில் அவளுக்கு அவமானம் தெரியவில்லை. மார்கழி முழுவதும் அவள் பாட்டைப் பாடுகிற ஊரும், அவளைப் பற்றி மேடை போடுகிற ஊரும் இந்த ஒன்றை மட்டும் கற்றுக்கொள்ளவில்லை.

நம் எழுத்தாளர்களிடம் வருகிறேன். டீக்கடையில் உட்கார்ந்து அடுத்த தெருக்காரனின் பேச்சைக் காதில் வாங்கி, வட்டார வழக்கு என்று கதையில் வைத்து, மனிதாபிமானி என்று பெயர் வாங்கிவிடுகிறோம். அவன் வீட்டுப் பந்தியில் சாப்பிட்டதைக்கூட ஒரு சாதனையாகக் கட்டுரையில் குறிப்பிடுகிறோம். சாப்பிட்டது நல்லதுதான். ஆனால் அதற்கு நாம் கொடுத்த விலை என்ன? சொந்தக்காரர்கள் கூடிய கல்யாண வீட்டில் அந்தத் தெருவைப் பற்றி ஒரு கேவலப் பேச்சு எழும்போது இலையை விட்டு எழுந்தவர் யார்? தன் தம்பி பெண் அந்தத் தெருப் பையனோடு போனபோது, குடும்பம் மொத்தமும் ஒரு பக்கம் நிற்க, மறுபக்கம் போய் நின்றவர் யார்?

அப்படி ஒருவரைக் காட்டுங்கள். அவர் யாரோடும் கலகலப்பாகப் பேசாத சிடுமூஞ்சியாக இருந்தாலும் பரவாயில்லை. அவருடைய ஆளுமையைப் பற்றி நானே ஒரு கட்டுரை எழுதுகிறேன்.