கருவி சொல்லும் சாட்சி

கள்ளக்குறிச்சியை விட்டு மலைப்பாதையில் ஏறினால் கல்வராயன் மலையின் தலையூரான வெள்ளிமலையை அடையலாம். சாமையும் மரவள்ளியும் விளையும் பூமி. கடுக்காயும் நெல்லியும் தேனும் அங்கிருந்து கீழே இறங்குகின்றன. கீழிருந்து மேலே ஏறுபவற்றுள் மருந்துப் புட்டிகளும் உண்டு. பிள்ளைக்கு இருமல் என்றால் மலையூர்த் தாய் அப்புட்டியைத் திறந்து ஒரு மூடி ஊற்றிப் புகட்டுகிறாள். உள்ளே இருப்பது இன்னதுதான் என்று அறிய அவளுக்கு வழியேதும் இல்லை. நகரத்தில் வாழும் நமக்கும் இல்லை. நம் அனைவருக்காகவும் அதை அறிந்து சொல்ல வேண்டியவர்கள் பி.பார்ம். படிக்கும் பிள்ளைகள். இன்று நம் இல்லங்களிலிருந்தும், சிறப்பாகப் பெண்மக்கள், இப்படிப்பை நாடிச் செல்கின்றனர். கருவிகளைக் கொண்டு மருந்தை ஆராயும் கலை அவர்களுக்கு எவ்விதம் கற்பிக்கப்படுகிறது என்பதை இம்மாதம் சற்று நோக்குவோம்.

2024 ஜூன் திங்களில் இம்மலையின் அடிவாரமாகிய கள்ளக்குறிச்சியில், கருணாபுரத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும், நச்சுச் சாராயம் அருந்தி 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மது ஹராம் என்பதை இவ்வேட்டின் வாசகர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. நான் சொல்ல வந்தது வேறு. அவர்களைக் கொன்றது மெத்தனால். கள்ளச்சாராயம் என்றதும் மலைமக்கள் மேல் பழி போடுவது பலருக்கும் எளிதாக இருக்கிறது. ஆனால் மெத்தனால் மலையில் காய்ச்சப்படும் பொருளன்று. தொழிற்சாலைகளின் தேவைக்காக உற்பத்தியாகும் இரசாயனம். சாராயத்தில் உள்ள எத்தனாலும் அதுவும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒன்று ஏறத்தாழ 65 பாகை வெப்பத்தில் கொதிக்கும், மற்றது 78 பாகையில். உடலுக்குள் சென்ற மெத்தனால் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்பார்வையைப் பறித்து, உயிரையும் பறிக்கிறது. கண்ணாலும் மூக்காலும் பிரித்தறிய இயலாத இவ்விரண்டையும் சில நிமிடங்களில் பிரித்துக் காட்டும் கருவி ஒன்று உண்டு. அதன் பெயர் கேஸ் குரோமடோகிராபி.

பெயரைக் கண்டு மிரள வேண்டாம். பெருநாளுக்கு முன்பு ஒரு குடும்பம் கடைத்தெருவில் ஒன்றாக நுழைவதாக எண்ணிக்கொள்ளுங்கள். வாப்பா எந்தக் கடையிலும் நில்லாமல் மறுமுனைக்குப் போய்விடுவார். பிள்ளைகள் மிட்டாய்க் கடையில் சற்று நிற்பர். உம்மா வளையலையும் துணியையும் பார்த்துப் பார்த்துக் கடைசியாக வந்து சேர்வார். மறுமுனையில் நிற்பவன், யார் எப்போது வெளியே வந்தார் என்பதைக் கொண்டே ஆளைச் சொல்லிவிடலாம். கருவியினுள் உள்ள கடைத்தெரு ஒரு மெல்லிய சுருள்குழாய்; நீளம் பெரும்பாலும் 30 மீட்டர். ஊசிமுனை அளவு திரவத்தைச் சூடான அறைக்குள் செலுத்தி ஆவியாக்கினால், நைட்ரஜன் போன்ற ஒரு வாயு அதைக் குழாய்வழியே தள்ளிச் செல்லும். மெத்தனால் முதலில் வெளிவரும், எத்தனால் அடுத்து. திரையில் ஒவ்வொன்றும் ஒரு சிகரமாக எழும். சிகரத்தின் பரப்பு, பொருளின் அளவைச் சொல்லும்.

சாராயத்தை விட்டு மருந்துக்கு வருவோம். 2025 செப்டம்பர், அக்டோபர் திங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் சளிக்கு மருந்து குடித்த சிறு குழந்தைகள் சிறுநீர் பிரியாமல், சிறுநீரகம் செயலிழந்து, ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். இருபதுக்கும் மேற்பட்ட பிஞ்சுகள்! அவர்களுக்குப் புகட்டப்பட்ட 'கோல்ட்ரிஃப்' என்னும் பாகுமருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அக்டோபர் 1 அன்று தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் அங்கே மாதிரி எடுத்தனர். சென்னையிலுள்ள அரசு ஆய்வுக்கூடம் மறுநாளே முடிவைச் சொல்லிவிட்டது: 100 மில்லிலிட்டரில் 48.6 கிராம் டை எத்திலீன் கிளைக்கால். இருக்கலாகும் எல்லையோ 0.1 விழுக்காடு. அப்புட்டிகள் தயாரானது மே மாதத்தில் என்று அவற்றின் மேலேயே அச்சிட்டிருந்தது. ஒரே நாளில் முடியும் சோதனை மே மாதமே ஒழுங்காக நடந்திருந்தால், அவை தொழிற்சாலையின் வாயிலைத் தாண்டியிரா.

இது புதிய நஞ்சும் அன்று. 1937-இல் அமெரிக்காவில் 100-க்கும் மேற்பட்டோரை இதே பொருள் கொன்றது. அதன் விளைவாகவே 1938-இல் அந்நாட்டில் கடுமையான மருந்துச் சட்டம் பிறந்தது. 1972-இல் நம் சென்னையிலேயே இதனால் குழந்தைகள் இறந்தனர். 2022-இல் காம்பியாவில் அதே துயரம். இனிப்பும் குழகுழப்பும் உடையதாதலால், பாகுமருந்தில் சேர்க்க வேண்டிய கிளிசரின், புரொப்பிலீன் கிளைக்கால் ஆகியவற்றின் இடத்தில் இது எளிதாக ஒளிந்துகொள்கிறது.

இங்கேதான் கற்பித்தலின் குறை வெளிப்படுகிறது. கோல்ட்ரிஃப்பில் இருந்த மருந்துகளுள் ஒன்று பாராசிட்டமால். அது புற ஊதா ஒளியை விழுங்கும் தன்மையுடையது. காரநீரில் கரைத்து, 257 நானோமீட்டர் அலைநீளத்தில் எவ்வளவு ஒளியை விழுங்கிற்று என்று ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் பார்த்தால் அதன் அளவு தெரிந்துவிடும். இச்சோதனையைச் செய்யாத பி.பார்ம். மாணவர் இரார். ஆனால் டை எத்திலீன் கிளைக்கால் அந்த ஒளியை விழுங்குவதில்லை. ஆகவே நஞ்சு பாதி நிறைந்த புட்டியிலும் 'பாராசிட்டமால் சரியாக உள்ளது' என்றே அக்கருவி சொல்லக்கூடும். கருவி பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் விடை சொல்லிற்று. எதைத் தேடுகிறோமோ அதற்கேற்ற கருவியைத் தேர்வதே இப்பாடத்தின் உயிர். நம் வகுப்பறைகளிலோ தத்துவம், அமைப்பு, செயல்முறை, பயன் என்று பத்து மதிப்பெண் விடையாக ஒவ்வொரு கருவியும் மனப்பாடமாகிறது. கருவியிலிருந்து தொடங்காமல் புட்டியிலிருந்து தொடங்கிப் பாடம் நடத்தும் ஆசிரியரைப் பெற்ற மாணவர் பேறு பெற்றவர்.

நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தில் ஏழாம் பருவத்தில் இப்பாடம் இடம்பெற்றது. செய்முறைப் பட்டியலில் பல சோதனைகளை மாணவரே செய்ய வேண்டும். பட்டியலின் இறுதியில் வரும் கேஸ் குரோமடோகிராபியும், அதன் உடன்பிறப்பான எச்.பி.எல்.சி.யும் மட்டும் 'செய்து காட்டுதல்' என்ற வகையில் வைக்கப்பட்டன. ஆசிரியர் இயக்குவார், மாணவர் சுற்றி நின்று பார்ப்பர். விலை பல இலட்சம். பழுதானால் யார் பொறுப்பு என்னும் அச்சம் வேறு. நியாயந்தான். ஆயினும் குழந்தைகளைக் காத்திருக்கக்கூடிய அந்தக் கருவியையே நம் பிள்ளைகள் தொடாமல் பட்டம் பெறுவது சரியாகப்படவில்லை.

பணமில்லாத கல்லூரிக்கும் வழி இருக்கிறது. சிலிக்கா பூசிய தகட்டில் ஒரு துளி வைத்து, கரைப்பானை ஏறவிட்டுப் பிரிக்கும் மெல்லடுக்குக் குரோமடோகிராபிக்கு ஆகும் செலவு சொற்பம். உலக சுகாதார நிறுவனமே இந்நஞ்சைத் தேட முதற்படியாக அதையும், ஐயம் எழுந்தால் இரண்டாம் படியாகக் கேஸ் குரோமடோகிராபியையும் வகுத்திருக்கிறது. கடையில் வாங்கிய ஒரு பாகுமருந்தை மாணவர் கையில் கொடுத்து, 'இதைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா? நீயே கண்டு சொல்' என்று விட்டால் அவ்வொரு பிற்பகல் நூறு பக்கக் குறிப்பேட்டுக்குச் சமம்.

குறிப்பேடு என்றதும் மற்றொன்றும் சொல்லத் தோன்றுகிறது. வரைபடத்தில் புள்ளிகள் நேர்கோட்டில் விழவில்லை என்றால், எண்களைச் சற்றே திருத்தி நேராக்கிவிடும் பழக்கம் மாணவரிடையே உண்டு. மூத்தவரின் குறிப்பேட்டைப் பார்த்து எழுதுவதும் உண்டு. கோணலான கோட்டுக்கு மதிப்பெண் குறைக்கும் ஆசிரியரே இதற்குக் காரணம். கருவி தந்த எண் ஓர் அமானிதம். கோணலைக் கோணலாகவே எழுதி, ஏன் கோணிற்று என்று ஆராய்ந்தவருக்கே முழு மதிப்பெண் தர வேண்டும். இருபது வயதில் எண்ணைத் திருத்தப் பழகிய கை, நாளை ஒரு தொழிற்சாலையின் தரச் சான்றில் கையெழுத்திடும் கையாகலாம்.

மகளையோ மகனையோ இப்படிப்பில் சேர்க்கச் செல்லும் பெற்றோர் கட்டணத்தையும் விடுதியையும் விசாரிப்பதோடு, கருவி அறையையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். கேட்கத் தயங்க வேண்டாம். கேட்பது உங்கள் உரிமை. ஒவ்வொரு கருவிக்கும் அருகில் ஒரு பதிவேடு இருக்க வேண்டும். அக்கருவி கடைசியாக எந்தத் தேதியில் ஓடிற்று, எந்த மருந்துக்காக, யார் இயக்கினார் என்பவை அதில் எழுதப்பட்டிருக்கும். மாணவர் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.