ஹூண்டாய் வந்த மண்ணில் நிலம் யாரிடம் இருந்தது?

“அந்தச் சாதிக்காரர்களைப் பாருங்கள். மஞ்சப்பையோடு பஸ் ஏறிப் போனவர்கள், இன்றைக்கு நாலு மாடிக் கடை வைத்திருக்கிறார்கள். எல்லாம் உழைப்பு.” கல்லூரி விடுதியிலோ குடும்ப வாட்ஸ்அப் குழுவிலோ இந்த வசனத்தைக் கேட்காதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. இதற்கு அடுத்த வரி ஒன்று உண்டு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. முன்னேறாதவர்கள் உழைக்காதவர்கள் என்பதே அது. சாக்கடையில் இறங்குகிறவரையும், சேற்றில் முதுகொடிய நாற்று நடுகிற அம்மாவையும் விடக் கூடுதலாக உழைத்து யார் பணக்காரரானார் என்று மட்டும் நாம் கேட்டுவிடக் கூடாது.

நாடுகளைப் பற்றிப் பேசும்போதும் இதே கதைதான். தென்கொரியா ஏன் முன்னேறியது? ‘கொரியர்கள் உழைப்பாளிகள்’ என்று பதில் வரும். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே போன மேற்கத்தியர்கள் பலர் கொரியர்களைச் சோம்பேறிகள் என்றுதான் எழுதிவைத்தார்கள். அரை நூற்றாண்டில் ஒரு மக்களின் பிறவிக் குணமா மாறிவிட்டது?

1945இல் கொரிய உழவர்களில் பெரும்பாலோருக்குக் குத்தகை நிலம்தான். விளைச்சலில் ஏறக்குறைய பாதி நிலக்கிழார் வீட்டுக்குப் போனது. வடக்கே கம்யூனிஸ்டுகள் நிலத்தைப் பிரித்துக் கொடுத்ததைப் பார்த்த அச்சத்தில், தெற்கிலும் 1949இல் நிலச்சீர்திருத்தச் சட்டம் வந்தது; 1950இல் நடைமுறையானது. ஒரு குடும்பத்துக்கு 3 ஹெக்டேர், நம் கணக்கில் சுமார் 7.5 ஏக்கர்தான் உச்சவரம்பு. மீதி, உழுதவருக்கு. விலை ஓராண்டு விளைச்சலைப் போல ஒன்றரை மடங்கு, அதுவும் ஐந்தாண்டுத் தவணையில். நிலக்கிழார்களுக்குக் கொடுத்த பத்திரங்களின் மதிப்பைப் போர்க்கால விலைவாசி தின்றுவிட்டது. சட்டத்துக்கு அடித்தளமிட்ட முதல் வேளாண் அமைச்சர் சோ போங்-ஆம், 1959இல் உளவாளி என்று குற்றஞ்சாட்டப்பட்டுத் தூக்கிலிடப்பட்டார். 2011இல்தான் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்றது.

நிலம் ஒன்றே கொரியாவைத் தூக்கி நிறுத்தவில்லை. அமெரிக்கப் பணம், அரசு வழிநடத்திய கடன், ஏற்றுமதி, தொழிற்சங்கங்களை நசுக்கிய இராணுவ ஆட்சி எல்லாம் அந்தக் கதையில் உண்டு. ஆனால் பாதி விளைச்சல் வீட்டிலேயே தங்கியபோதுதான் உழவர் வீட்டுப் பிள்ளை வயலை விட்டுப் பள்ளிக்கூடம் போக முடிந்தது. பின்னாளில் கார் ஆலைகளில் நின்றவர்கள் அந்தப் பிள்ளைகள். அங்கும் நம்மைப் போன்றவர்கள் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மாடு அறுப்பதும் தோல் பதனிடுவதும் பெக்ஜோங் என்ற மக்கள்மீது பரம்பரை இழிவாகச் சுமத்தப்பட்டிருந்தது. 1894இல் சட்டம் அந்த இழிவை ஒழித்தது, ஊர் ஒழிக்கவில்லை. 1923இல் ஜின்ஜு நகரில் அவர்களே இயக்கம் கட்டினார்கள். அதன் பெயரிலேயே தராசு இருந்தது.

அந்த நாட்டு நிறுவனம் ஒன்று 1990களில் நம்மூருக்கு வந்தது. திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் உருளத் தொடங்கியது. அந்த வட்டாரம் அன்றைய பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் பகுதி. நம் கதையும் அதே மாவட்டத்தில்தான் தொடங்குகிறது.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்கீர், பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். தரிசு நிலம் ஏராளமாகக் கிடந்தது. உழத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். ஆனால் யார் மனுப் போட்டாலும் முதல் உரிமை மிராசுதாருக்கு என்று விதி இருந்தது. படியாளாகக் கிடந்தவர் குடிசை போட்ட மனைகூட அவருக்குச் சொந்தமில்லை. எதிர்த்துப் பேசினால் இரவோடு இரவாக வீட்டைக் காலிசெய்ய வேண்டும். அடிமைமுறைக்கு வேறு சங்கிலி எதற்கு? அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. பத்தாண்டுகளுக்கு விற்கவோ அடகு வைக்கவோ கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. மாகாணம் முழுக்க இப்படிக் கொடுக்கப்பட்டது சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் நெடுங்காலமாக முன்வைக்கும் கணக்கு. அதுதான் நாம் பஞ்சமி நிலம் என்பதும், ஊரில் டி.சி. நிலம் என்பதும்.

அது போன விதம் எல்லா ஊரிலும் ஒன்றுபோலத்தான். கல்யாணத்துக்கு வாங்கிய கடன், வெற்றுத்தாளில் கைநாட்டு, பயிர் செய்யத் தண்ணீர் விடாமல் மடையை அடைத்தல், கணக்குப்பிள்ளையின் பேனா. 1980களில் யு.டி.ஆர். என்ற நிலப்பதிவேட்டுத் திருத்தம் நடந்தபோது, பல ஊர்களில் ‘டி.சி.’ என்ற குறிப்பே அடுத்த ஏட்டுக்கு வந்து சேரவில்லை. கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதற்குக் காரணை சாட்சி. 1994 அக்டோபரில் இதே செங்கல்பட்டில், பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தின் மீது போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் விழுந்தார்கள்.

இரண்டே ஆண்டுகளில் அந்த மாவட்டத்து நிலத்தைத் தேடிக் கார் நிறுவனங்கள் வந்தன. பிறகு மனைப்பிரிவுகள் வந்தன, ஐ.டி. சாலை வந்தது. ஏக்கர் கணக்கில் பேசப்பட்டது சதுர அடிக் கணக்கானது. பட்டா வைத்திருந்தவர் லாரி வாங்கினார், திருமண மண்டபம் கட்டினார், ஒப்பந்ததாரர் ஆனார், பிள்ளையைத் தனியார் மருத்துவக் கல்லூரியில் சேர்த்தார். பட்டா பறிபோனவரின் பேரன் அதே நிலத்து வாசலில் காவலாளிச் சீருடையில் நிற்கிறான். இரண்டு பேருக்கும் ஒரே ஆலை, ஒரே நெடுஞ்சாலை, ஒரே ‘வளர்ச்சி’. முதலாமவரின் கதையை நாளைக்கு யாராவது ‘மஞ்சப்பையோடு தொடங்கியவர்’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள்.

“இட ஒதுக்கீடு இருக்கிறதே, படித்து வேலைக்குப் போகலாமே, இன்னும் எதற்கு நிலம்?” என்று நம் தோழர்களே சிலர் கேட்கிறார்கள். படிப்பதற்கு வங்கிக்குப் போய்ப் பாருங்கள். கல்விக்கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் பொதுவாகச் சொத்து ஈடு கேட்பார்கள். வெளிநாட்டில் படிக்க இடம் கிடைத்த இரண்டு மாணவர்களில் யார் விமானம் ஏறுவது என்பதை, 1892இல் கிடைத்து இடையில் களவுபோன ஓர் ஏக்கர் தீர்மானிக்கிறது. நிலம் விவசாயம் செய்ய மட்டும் என்று நினைப்பது நிலம் இல்லாதவர்களின் பழக்கம். வைத்திருப்பவர்களுக்கு அது பிணை, கடன், தேர்தல் செலவு, சம்பந்தம் பேசும் தைரியம்.

சீர்திருத்தம் என்ற பெயர் மட்டும் போதாது என்பதற்குக் கேரளம் பாடம். 1970இல் அங்கே குத்தகைதாரருக்கு வயல் சொந்தமானது. அந்த வயலில் கூலிக்கு இறங்கிய தலித் மக்களுக்குக் கிராமத்தில் 10 சென்ட் குடியிருப்பு மனை உரிமை, அவ்வளவுதான். ‘உழுபவர்’ யார் என்று எழுதும் இடத்திலேயே சாதி உள்ளே வந்துவிட்டது. தமிழ்நாட்டில் 1970இல் உச்சவரம்பை 15 தர ஏக்கராகக் குறைத்தார்கள். அதற்குள் பினாமிப் பெயர்களும் அறக்கட்டளைகளும் தயாராக இருந்தன.

பஞ்சமி நிலம் எந்த வட்டத்தில் எத்தனை ஏக்கர், இன்று யார் பெயரில், அதில் தொழிற்பேட்டைக்குப் போனது எவ்வளவு, இழப்பீடு யார் வாங்கினார்கள்? ஊர்வாரியாக, புல எண்ணோடு வெளியிடப்பட வேண்டும். தொகை மட்டும் சொல்லும் அறிக்கை நமக்கு வேண்டாம். ஆண்டது எந்தக் கட்சியானாலும் நாம் கேட்க வேண்டிய கேள்வி இது. ‘சமூகநீதி’ என்று மேடையில் முழங்குகிறவர்களிடம் இன்னும் உரக்கக் கேட்க வேண்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. வட்டாட்சியர் அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதுங்கள். உங்கள் கிராமத்தின் யு.டி.ஆருக்கு முந்தைய ‘அ’ பதிவேட்டு நகலைக் கேளுங்கள். கிடைத்ததும் இன்றைய ‘அ’ பதிவேட்டை அருகில் வைத்து, ஒவ்வொரு புல எண்ணாக ஒப்பிட்டுப் பாருங்கள். பெரியவர்கள் யாராவது கூட இருந்தால் நல்லது. எந்த வயல் யாருடையதாக இருந்தது என்று அவர்களுக்குத் தெரியும்.