தலைவர் இல்லாத நாள்

தலைவரின் திறத்தை அவர் முன்நிற்கும் நாளில் அளப்பது உலக வழக்கம். அஃது அரை அளவே.

இமயச் சாரலிலுள்ள கோபேசுவரத்தில், 1964-ஆம் ஆண்டு, தசோலி கிராம சுயராச்சிய சங்கத்தை நிறுவியவர் சண்டிபிரசாத் பட். நுகத்தடி செய்ய ஊரார் வேண்டிய மரத்தை மறுத்த வனத்துறை, அதனை விளையாட்டு மட்டை செய்யும் வணிகர்க்கு ஈந்தது. உழவினும் பந்தாட்டம் பெரிது போலும்! 1973-இல் மரங்களைத் தழுவிக் காக்கும் சிப்கோ இயக்கம் பிறந்தது.

மறு ஆண்டு, மார்ச்சு 26 அன்று, ரேணி என்னும் சிற்றூரின் காட்டுள் மரம் வெட்டுவோர் புகுந்தனர். அன்று பட் அங்கில்லை. ஊர் ஆடவரோ இழப்பீடு பெறச் சமோலி சென்றிருந்தனர். மாதர் சங்கத் தலைவி கௌராதேவி, பெண்டிரையும் சிறுமியரையும் திரட்டிச் சென்று வழிமறித்தார். வந்தோர் வெட்டாமலே மீண்டனர். பட் ஊர்தோறும் சென்று உரைத்தவை வீண்போகவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

பின்னர் அச்சங்கம் மொட்டைச் சரிவுகளில் மரம் நட முகாம்கள் நடத்தியது. அவற்றிற்கும் பெண்டிர் திரளாக வந்தனர்.