செஞ்சிக் கோட்டைக்கு யுனெஸ்கோ பட்டம் ஓகே... செஞ்சிக்காரங்களுக்கு என்ன?

திண்டிவனத்துல இருந்து திருவண்ணாமலைக்கு பஸ்ல போயிருக்கீங்களா? அப்போ ஒரு உலகப் பாரம்பரியச் சின்னத்துக்குள்ள புகுந்து வெளிய வந்திருக்கீங்க. ரோடே செஞ்சிக் கோட்டை மதிலைத் தாண்டித்தான் போகுது.

2025 ஜூலை 11-ம் தேதி யுனெஸ்கோ அந்தப் பட்டத்தைக் கொடுத்தது. ‘மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்’ என்ற பெயரில் மொத்தம் 12 கோட்டைகள். 11 மகாராஷ்டிராவில், நம்ம ஊர்ல செஞ்சி மட்டும்.

‘செஞ்சி எப்போ மராட்டியக் கோட்டை ஆச்சு?’னு உங்களுக்கும் தோணும். நியாயம்தான். சிவாஜி 1677-ல் பிடிச்சது, 1698-ல் முகலாயர் கைக்குப் போயிடுச்சு. நடுவுல 21 வருஷம், அவ்வளவுதான். கோன்கள், நாயக்கர்கள், பீஜப்பூர், நவாப், பிரெஞ்சு, ஆங்கிலேயர்னு இந்தக் கோட்டை பார்த்த முதலாளிகள் ஏராளம். ஆனா, சிவாஜியின் மகன் ராஜாராம் இங்கிருந்துதான் மராட்டிய அரசை நடத்தினார். முகலாயப் படை சுமார் 8 வருஷம் வெளியே காத்துக் கிடந்தது. அதனால பெயரை முழுசா தப்புன்னும் சொல்ல முடியாது.

பெயர்ச் சண்டையைவிட முக்கியமான விஷயம் ஒண்ணு இருக்கு. மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குப் புதுக் கட்டடம் கூடாது. அதைத் தாண்டி இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்டணும். கோட்டையைக் காப்பாத்த இது வேணும்தான். ஆனா, கூட்டம் பெருகும்போது டீக்கடையும் ரூமும் எங்கே வரும்? வர்றவங்க காசு செஞ்சி பஜார்ல இறங்குமா, இல்ல கார் ஏறி பாண்டிச்சேரிக்கே திரும்பிடுமா? இதுக்கு இப்பவே திட்டம் போடணும்.

அடுத்தது, உள்ளே என்ன நடக்கலாம்ங்கிறது. ராஜகிரி மேல இருக்கிற கமலக்கண்ணியம்மன் கோயில் மாதிரி வழிபாட்டு வழக்கங்களுக்கு 1959-ம் வருஷ விதிகள் இடம் கொடுக்குது. கூட்டம், கலை நிகழ்ச்சின்னா மத்திய அரசின் எழுத்துபூர்வ அனுமதி வேணும்.

யோசிச்சுப் பாருங்க. ஆற்காட்டு நவாப்போடு மோதி 1714-ல் செத்துப்போன தேசிங்கு ராஜாவை இந்தப் பக்கம் இன்னும் பாட்டாவும் கூத்தாவும் வெச்சிருக்காங்க. தெருக்கூத்து மண்ணு இது. கல்யாண மஹால் பக்கத்து சமதளத்துல, ஸ்பீக்கர் அலறாம, சுவர்ல ஆணி அடிக்காம, வருஷத்துக்கு ஒரு ராத்திரி தேசிங்கு கூத்து நடந்தா என்ன? மாமல்லபுரத்துல கடற்கரைக் கோயில் பக்கத்துல நாட்டிய விழா நடக்கலையா? விதி ‘முடியாது’னு சொல்லல, ‘கேட்டு வாங்கு’னுதான் சொல்லுது. சுற்றுலாத் துறையும் மாவட்ட நிர்வாகமும்தான் அந்த மனுவைக் கையில் எடுக்கணும்.

இந்த வீக்கெண்ட் போறீங்கன்னா, ராஜகிரி சுமார் 800 அடி. வெயிலுக்கு முன்னாடி ஏறிடுங்க, தண்ணி எடுத்துக்கோங்க, சிப்ஸ் பாக்கெட்டைக் குரங்கு கண்ணுல காட்டாதீங்க. இறங்கினதும் சாப்பாடு மட்டும் செஞ்சி டவுன்லயே. பாண்டிச்சேரி எங்கேயும் ஓடிப்போயிடாது.