ஐந்தாவது ஜாக்

"மாமா, இது ஃப்ரீ. ஒரு சதமும் கட்டத் தேவையில்லை."

ஜூலைப் பாடசாலை விடுமுறையில், சான்ட்ரிங்ஹாம் வீட்டில், அக்காவின் பதின்மூன்று வயது மகன் என் கைபேசியில் ஒரு சீட்டு விளையாட்டை இறக்கித் தந்தான். இரண்டு வாரம் விளையாடினேன். காசு கட்டவில்லை. பிள்ளை பொய் சொல்லவில்லை. 'இலவசம்' என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள்தான் சொன்னார்கள்.

முதல் மூன்று நாள் வென்றுகொண்டே இருந்தேன். தினமும் ஒரு பொதி சும்மா தந்தார்கள். பிறகு, நான் கண்ணாலும் கண்டிராத சீட்டுகளோடு எதிராளிகள் வந்தார்கள். தொடர்ந்து ஏழு ஆட்டம் தோற்றேன். ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் திரையில் ஒரு கழிவு விலைப் பொதி. பக்கத்தில் நிமிடங்களை எண்ணும் கடிகாரம்.

நான் ஊரில் 304 அடித்து வளர்ந்தவன். 32 சீட்டு, நான்கு பேர், ஆளுக்கு எட்டு. ஜாக் 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2; நான்கு வகையும் சேர்ந்தால் 304. வெளிநாட்டுக் காசு வரும் வீட்டுப் பிள்ளைக்கும் கடலுக்குப் போகிறவரின் பிள்ளைக்கும் கட்டு ஒன்றுதான். எவ்வளவு காசு இருந்தாலும் ஐந்தாவது ஜாக் கிடைக்காது.

இங்கே விலைக்கு வருவது அந்த ஐந்தாவது ஜாக்தான். அதுவும் நேராக அல்ல. அது இருக்கலாம் என்ற மூடிய பொதி. இவ்வகையில் பேர்பெற்ற, 2014இல் வெளிவந்த ஹார்த்ஸ்டோனில் ஒரு பொதிக்கு 5 சீட்டு. 'லெஜண்டரி' சீட்டு சராசரியாக 20 பொதிக்கு ஒன்று. இந்தக் கணக்கும் 2017இல் சீனாவின் விதிகள் கேட்டபோது வெளியானது. கிடைத்த சீட்டை நண்பனுக்குக் கொடுக்கவும் முடியாது.

ஆக்லாந்திலேயே உருவாகி 2019இல் வந்த 'ஃபிளெஷ் அண்ட் பிளட்' காகிதச் சீட்டுகளும் மூடிய பொதியில்தான் விற்பனையாகின்றன. அதையும் நான் புகழ வரவில்லை. ஆனால் அந்தச் சீட்டைத் தம்பிக்குக் கொடுக்கலாம், விற்கலாம்.

நியூசிலாந்துச் சட்டம் என்ன சொல்கிறது? இத்தகைய பொதிகள் 2003ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தின் வரைவிலக்கணத்துக்குள் வரா என்று உள்விவகாரத் திணைக்களம் 2017இன் இறுதியில் கருத்துச் சொன்னது. வாங்குபவர் பணத்தையோ பணமாக மாற்றக்கூடியதையோ வெல்ல வாங்குவதில்லையாம். போன காசு திரும்பி வர வழியே இல்லை, ஆகவே சூதல்ல! ஸ்கைசிட்டி கசினோவுக்குள் நுழைய 20 வயதாக வேண்டும். இதற்குக் கைபேசி இருந்தால் போதும். பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையமோ 2018இல் பல விளையாட்டுகளின் பொதிகளைச் சூதாட்டம் என்றே தீர்மானித்தது.

"நிறுவனமும் பிழைக்க வேண்டாமா?" என்பீர்கள். 2020இல் வந்த 'லெஜண்ட்ஸ் ஆஃப் ரூனெட்டெரா' மூடிய பொதிகளை விற்கவில்லை. வேண்டிய சீட்டை நேராகப் பெறலாம். வருமானத்தைவிடச் செலவு அதிகம் என்று 2024 ஜனவரியில் அதன் நிறுவனமே ஒப்புக்கொண்டு ஆட்களைக் குறைத்தது. நேர்மையான கடைக்கு வருமானம் போதவில்லை என்பது மற்றக் கடைகளின் வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் காட்டுகிறது.

கோபம் நிறுவனங்கள் மீது மட்டுமல்ல. கசினோவுக்குப் போகிறவரைப் பற்றிக் கோயில் வாசலில் நின்று குசுகுசுக்கும் நாம்தான், பிள்ளை சத்தமில்லாமல் இருக்கட்டும் என்று வங்கி அட்டையை ஐபேடில் பதிந்து கொடுக்கிறோம். மொழி போகிறதே என்று கவலைப்படுகிறோம். பிள்ளையோடு ஒரு மேசையில் ஒரு மணிநேரம் இருப்பதில்லை.

அட்டையை இன்றே நீக்குங்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மூடிய பொதி விற்பதைத் தடை செய்யும்படி உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள். பிறகு ஒரு சீட்டுக்கட்டு வாங்குங்கள். அதை ஒருமுறை வாங்கினால் போதும்.